சாரல் காலம் முடிந்தபின் கேஸ் கிரில்லில் தீ மஞ்சளாக எரிவது ஏன்?
சாரல் மாதங்களில் உறைபோட்டு முற்றத்தில் வைத்திருந்த கேஸ் கிரில், இப்போது மஞ்சளாகவும் மெலிந்தும் எரிவதாகக் கேட்டிருக்கிறீர்கள். ஆரியங்காவுக் கணவாய் வழியே ஈரக்காற்று வீசும் செங்கோட்டையில் முதலில் துருவின்மீதுதான் சந்தேகம் எழும். ஆனால் பல நேரங்களில் காரணம் சிலந்தியோ குளவியோதான். வாயுவும் காற்றும் கலக்கும் பர்னர் குழாய்க்குள் அவை கூடு கட்டிவிட்டால், போதிய காற்று கிடைக்காமல் தீ நீலநிறத்தை இழக்கும். அடைப்பு மிகுந்தால், வாயு பின்புறமாக வெளியேறி, தீயைக் கூட்டிக் குறைக்கும் திருகுகளுக்கு அருகிலேயே தீப்பிடிக்கவும் கூடும். ஆகவே சிலிண்டரை மூடி, ஆறிய பர்னரைக் கழற்றி, குழாயின் உட்புறத்தைப் பாட்டில் பிரஷால் துடைத்து, தீத்துளைகளை மெல்லிய கம்பியால் சுத்தம் செய்யுங்கள். மீண்டும் பொருத்தியதும், பர்னரைப் பற்றவைக்காமல் சிலிண்டரை மட்டும் திறந்து, இணைப்புகளில் சோப்புநீர் தடவிக் குமிழி எழுகிறதா என்று பாருங்கள். சமையல் வாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தாழ்வான இடத்தில் தேங்கும். எனவே கிரில்லின் மூடியைத் திறந்துவைத்த பிறகே பற்றவையுங்கள்.