விற்காத பாட்டின் விலை

கேள்வி: ஒரு பழைய அமெரிக்க சோல் (கறுப்பின மக்களின் பாட்டு வகை) இசைத்தட்டை 25 ஆயிரம் பவுண்டுக்கு மேல் கொடுத்து வாங்கினார்களாமே! அதே பாட்டு கைப்பேசியில் சும்மா கிடைக்கிறது. இது பைத்தியக்காரத்தனம் இல்லையா? நாமும் இப்படி நாலு தட்டு வாங்கிப் போட்டால் பிற்காலத்தில் லாபம் வருமா?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: பைத்தியம் என்று சொல்லி முடிப்பதற்குள் நீங்களே வரிசையில் வந்து நின்றுவிட்டீர்கள்!

நீங்கள் கேள்விப்பட்டது ஃபிராங்க் வில்சன் பாடிய ‘டூ ஐ லவ் யூ’. 1965இல் டெட்ராய்ட்டின் மோடவுன் இசைத்தட்டு நிறுவனம் இதற்குச் சுமார் 250 மாதிரித் தட்டுகளை அச்சிட்டதாகச் சொல்வார்கள். வில்சனோ பாடகராவதைவிடத் தயாரிப்பாளராகவே இருக்க விரும்பினார். வெளியீடு கைவிடப்பட்டது, தட்டுகள் அழிக்கப்பட்டன. தப்பிய சிலவற்றில் ஒன்றுதான் 2009இல் 25,742 பவுண்டுக்குப் போனது.

அந்த விலையை ஏற்றிவிட்டவர்கள் சீமான்கள் அல்லர். வட இங்கிலாந்தின் ஆலைத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். 1973 முதல் 1981 வரை விகன் கசினோ என்ற நடன அரங்கில் விடிய விடிய ஆடினார்கள். மது கிடையாது, கால் வழுக்கிச் சுழலத் தரையில் டால்கம் பவுடர். அமெரிக்காவில் விலைபோகாமல் கிடங்கில் தூங்கிய பாட்டுகள்தாம் அவர்களுக்கு அமிர்தம். ‘நார்தர்ன் சோல்’ என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. போட்டியாளன் தேடிப்பிடித்துவிடக் கூடாதென்று, அங்கே தட்டு சுழற்றுபவர்கள் தட்டின் நடுவிலுள்ள லேபிளை மறைத்துப் பொய்ப்பெயர் சொல்வார்கள். வில்சனின் பாட்டே முதலில் எடி ஃபாஸ்டர் பாடியதாகத்தான் அங்கே ஒலித்தது. பாடியவருக்குத் தன் பெயர்கூட மிஞ்சவில்லை.

அரிதாகக் கிடைப்பதாலேயே பாட்டு நன்றாக இருந்துவிடுமா? இல்லை. தேடிப்பிடித்த குப்பைகளும் அங்கே ஏராளம். ஆனால் அந்தக் காதுகள் சில முறை சரியாகவே கேட்டன. குளோரியா ஜோன்ஸ் 1960களில் பாடி எடுபடாமல் போன ‘டெயின்டட் லவ்’ அந்த அரங்குகளில் உயிர்பெற்றது. 1981இல் சாஃப்ட் செல் குழு அதையே பாடி உலகை ஆட்டிவைத்தது.

இனி உங்கள் லாபக் கணக்கு. விகன் காலத்திலேயே கள்ளப் பதிப்புகள் புழங்கின. லேபிளை மட்டும் பார்த்துப் பணம் கொடுப்பவர் ஏமாறுவார். பாட்டு முடிந்தபின் வரும் வெற்று வளையத்தில் கீறியிருக்கும் எண்ணைப் படிக்கத் தெரிய வேண்டும். இன்னொன்று: நிமிடத்துக்கு 45 முறை சுழலும் அக்கால அமெரிக்கத் தட்டுகளில் பல, வழக்கமான வினைல் பிளாஸ்டிக்கே அல்ல, பாலிஸ்டைரீன் என்ற வேறு பிளாஸ்டிக். பார்க்கப் பளபளக்கும். தேய்ந்த முள்ளால் பலமுறை ஓட்டியதாக இருந்தால், பாட்டைவிடக் கரகரப்புதான் அதிகம் கேட்கும். இதையெல்லாம் கற்க ஆண்டுகள் ஆகும். அதற்குள் பாட்டில் பித்துப் பிடித்துவிடும். பிறகு விற்க மனம் வராது.

அது கிடக்கட்டும். உங்கள் வீட்டில் ரெக்கார்டு பிளேயர் இருக்கிறதா? கேள்வியில் அதைக் காணோமே!