ஃபீனிக்ஸிலிருந்து மோவாப் போகும் வழியில் மலைச் சைக்கிள் ஓட்ட எங்கெங்கே நிறுத்தலாம்?

முதலில் உங்கள் பட்டியலில் பாதியை அடித்துவிடுங்கள்.

கேள்விக்குக் கீழே நீங்கள் எழுதியிருப்பது இது: ஏப்ரலில் ஒரு வாரம், மனைவி, இரண்டு பிள்ளைகள், காருக்குப் பின்னால் இரண்டு சைக்கிள். போகும்போது அரிசோனாவில் செடோனா, யூட்டாவில் மோவாப், கொலராடோவில் ஃப்ரூட்டா. திரும்பும்போது யூட்டாவின் தென்மேற்கில் கூஸ்பெரி மேசா, பிறகு லாஸ் வேகஸ் பக்கம் பூட்லெக் கேன்யன். வரைபடத்தில் எல்லாம் பக்கத்துப் பக்கத்தில்தான் தெரியும். ஆனால் மோவாபிலிருந்து கூஸ்பெரி மேசாவுக்கே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் கார் ஓட்ட வேண்டும். அதிலும் ஐ-70 சாலையில் கிரீன் ரிவர் தாண்டினால் சலைனா வரும்வரை 100 மைலுக்கு மேல் ஒரு பெட்ரோல் பங்க்கூட கிடையாது. யூட்டாவின் தென்மேற்கு மூலையையும் வேகஸையும் ஸயான் தேசியப் பூங்கா போகிற வேறொரு பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஃபீனிக்ஸ் பக்கம் சாண்ட்லரில் வீடு, இந்தப் பாதையில் பல வருடமாகப் போய்வருகிறேன். சைக்கிளில் வித்தை காட்டுகிற ஆள் இல்லை. நடுத்தர வயது, நடுத்தர வயிறு. ஃபீனிக்ஸிலிருந்து விடிய விடிய ஓட்டிப்போய் காலையில் மோவாபில் இறங்கி நேராகப் பாறை ஏறினேன் என்று சொல்கிற இளவட்டங்கள் கீழே வந்து கருத்துப் போடுவார்கள். போடட்டும், அவர்களுக்கு முழங்கால் நன்றாக இருக்கிறது. கேட்டவர் பிள்ளைகுட்டியோடு போகிறார், கார் ஓட்டுவதும் அவர், சைக்கிள் ஓட்டுவதும் அவர். இந்தப் பயணங்களில் திட்டம் போடுகிறவர்கள் எல்லோரும் டிரெயிலை, அதாவது சைக்கிள் ஓட்டும் பாதையைத்தான் பார்க்கிறார்கள். சைக்கிள் ஓட்டாமல் காரில் உட்கார்ந்திருப்பவர்கள் எத்தனை மணி நேரம் எங்கே காத்திருக்கப்போகிறார்கள் என்று யாரும் கணக்குப் போடுவதில்லை. நான் அதைத்தான் முதலில் போடுவேன். நல்ல மனசு என்று நினைக்காதீர்கள், மூன்றாம் நாள் வீட்டில் முகம் எப்படி இருக்கும் என்று தெரியும், அவ்வளவுதான்.

என் வழக்கம் இதுதான்: காலையில் சைக்கிள், மதிய வெயிலில் கார், ஒவ்வொரு ஊரிலும் குறைந்தது இரண்டு ராத்திரி. பொழுது விடியும்போது கிளம்பி ஒன்பதரைக்குள் அறைக்குத் திரும்பிவிட்டால், பிள்ளைகள் அப்போதுதான் காலைச் சாப்பாட்டை முடித்திருப்பார்கள். யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம்.

செடோனா ஃபீனிக்ஸிலிருந்து இரண்டு மணி நேரம்தான். 4,300 அடி உயரம் என்பதால் காலையில் நல்ல குளிர் இருக்கும். பெல் ராக் பாத்வே அகலமான வழி, பிள்ளைகளையும் கூட்டிப் போகலாம். ஹைலைன், ஹேங்கோவர் என்ற டிரெயில்களை வீடியோக்களில் பார்த்திருப்பீர்கள். பாறை விளிம்பில் ஒரு பக்கம் பள்ளமாகவே போகும், முதல் தடவையே அங்கே போகாதீர்கள். கார் நிறுத்த ரெட் ராக் பாஸ் கேட்கும் இடங்கள் உண்டு. இன்னொன்று, ஊரைச் சுற்றியுள்ள காட்டில் கணிசமான பகுதி வில்டர்னஸ், அதாவது இயற்கையாகவே விட்டுவைக்க வேண்டிய காடு என்று ஒதுக்கப்பட்டது. 1964ஆம் வருடச் சட்டப்படி அங்கே சைக்கிளுக்கு அனுமதி இல்லை. ஆப் காட்டுகிற ஒற்றையடிப் பாதையெல்லாம் உங்களுக்கானது இல்லை, டிரெயில் தொடங்கும் இடத்துப் போர்டைப் படித்துவிட்டு இறங்குங்கள்.

செடோனாவிலிருந்து மோவாப் 300 மைலுக்கு மேல். ஃப்ளாக்ஸ்டாஃப், டியூபா சிட்டி, கயென்டா, மான்யுமென்ட் வேலி, பிளஃப் என்று போகும். இந்த வழியில்தான் எல்லோருக்கும் கை துறுதுறுக்கும், நிறுத்திச் சைக்கிளை இறக்கலாமா என்று. பெரும்பகுதி நவஹோ பூர்வகுடி மக்களின் நிலம், நினைத்த இடத்தில் இறங்கி ஓட்ட முடியாது, அனுமதி வேண்டும். படம் எடுத்துக்கொண்டு போய்க்கொண்டே இருங்கள்.

நேரக் கூத்து ஒன்று இருக்கிறது. அரிசோனாவில் கோடையில் கடிகாரத்தை மாற்றுவதில்லை. ஆனால் நவஹோ நிலத்தில் மாற்றுவார்கள், அதற்குள்ளேயே இருக்கும் ஹோப்பி பூர்வகுடி நிலத்தில் மாற்ற மாட்டார்கள், யூட்டாவில் மாற்றுவார்கள். டியூபா சிட்டியில் பெட்ரோல் போட்டுவிட்டு அடுத்த சிக்னலைத் தாண்டுவதற்குள் போன் ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் தாவும். மோவாபில் சைக்கிளோடு மேலே கொண்டுபோய் விடும் ஷட்டில் வண்டிக்குப் பணம் கட்டியிருந்தால் அந்த நேரத்தை யூட்டா கணக்கில் காகிதத்தில் எழுதி டேஷ்போர்டில் ஒட்டிவிடுங்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் என் மச்சினன். கோயமுத்தூரிலிருந்து வந்திருந்தான். கிளம்புவதற்கு முன்னாலேயே எக்செல் ஷீட் ஒன்று தயார். கால் மணிக்கு ஒரு வரி, நிறம் நிறமாக. 'மாலை 5:00 மோவாப் பிராண்ட்ஸ் டிரெயில், 6:30 இரவு உணவு' என்று போட்டிருந்தான், எல்லாம் அரிசோனா நேரத்தில். நான் ஒன்றும் சொல்லவில்லை, என் மனைவிதான் "தம்பி, பாத்ரூம் போறதுக்கு எந்த வரி?" என்று கேட்டாள்.

பிளஃபில் பெட்ரோல் போட நிறுத்தினோம். ஐயா சும்மா இருக்காமல், செயினுக்கு எண்ணெய் விடுகிறேன் என்று சைக்கிளை ரேக்கிலிருந்து இறக்கி, நிழல் தேடிக் கட்டடத்துக்குப் பின்னால் களை முளைத்த வெற்றிடம் வழியாக உருட்டிக்கொண்டு போய்விட்டான். திரும்பி வந்தபோது டயர் சரக் சரக் என்று தரையில் தட்டுகிறது. சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தால் வரிசையாக முள்.

"மாமா, இது நம்ம ஊரு நெருஞ்சி மாதிரியே இருக்கு!"

"மாதிரி என்னடா, அதேதான்."

நிஜமாகவே அதே செடிதான். இங்கே ஆட்டுத்தலை முள் என்பார்கள், காய் உடைந்து விழும் ஒவ்வொரு துண்டிலும் இரண்டு பெரிய கொம்பு நீட்டிக்கொண்டிருக்கும், எப்படி விழுந்தாலும் ஒன்று மேலே பார்க்கும். பாலைவனத்துப் பங்க்சரில் பாறையைவிட இதற்குத்தான் பங்கு அதிகம், அதுவும் டிரெயிலில் இல்லை, இப்படிக் கார் நிறுத்தும் ஓரங்களில்.

அவனுடையது அலுவலக நண்பரிடம் இரவல் வாங்கிய சைக்கிள், உள்ளே ட்யூப். முள்ளைப் பிடுங்கப் பிடுங்க ஒவ்வொரு ஓட்டையும் உஸ்ஸென்றது. ட்யூபைத் தண்ணீர்ப் பாத்திரத்தில் அமுக்கினால் ஏழெட்டு இடத்தில் குமிழி. என் சைக்கிளை அவனிடமிருந்து மீட்பதற்குள் அதையும் அதே வழியாக உருட்டியிருந்தான். என்னுடையது ட்யூப்லெஸ், உள்ளே ஓட்டையை அடைக்கும் சீலன்ட் திரவம் இருந்தது. முள்ளை எடுத்ததும் அந்த இடத்தில் வெள்ளையாகப் பால் கசிந்து, நுரைத்து, சக்கரத்தை அந்தப் பக்கம் கீழே வருமாறு திருப்பி வைத்தால் கொஞ்ச நேரத்தில் ரப்பர் பொட்டாக உறைந்து நின்றுவிடும். இரண்டு டயரிலும் அப்படியே நின்றது. ஆகவே கிளம்புவதற்கு முன் ட்யூப்லெஸ் ஆக்கிவிடுங்கள், முன்பே ஆக்கியிருந்தால் சீலன்ட்டைத் திறந்து பாருங்கள், இந்த வெயிலில் சீக்கிரம் வற்றிவிடும். ட்யூப் ஒன்று கூடுதலாக, ஒட்டுச் சாமான், கையடி பம்ப், முள் பிடுங்க இடுக்கி.

அவன் ட்யூபை ஒட்டி முடிக்கும்வரை பிள்ளைகள் காரின் பின்கதவைத் திறந்து புளியோதரை சாப்பிட்டார்கள். ஷீட்டில் ஏழெட்டு வரி காலி. ஆனால் என் கணக்கில் அன்று சைக்கிளே கிடையாது, மறுநாள் காலைதான், அதனால் எதுவும் கெடவில்லை. மச்சினன் மட்டும் மோவாப் போய்ச் சேரும்வரை பேசவில்லை.

மோவாபில் மூன்று ராத்திரி தங்குங்கள் என்பேன். ஸ்லிக்ராக் டிரெயில் 1969இல் மோட்டார் சைக்கிள்காரர்களுக்காகப் போட்டது. 10 மைல் சொச்சம்தான், ஆனால் மூன்று நான்கு மணி நேரம் வாங்கும். மணற்பாறை மேல் விட்டுவிட்டு அடித்திருக்கும் வெள்ளைக் கோட்டைப் பிடித்துக்கொண்டே போக வேண்டும். காய்ந்த பாறையில் டயர் பல்லி மாதிரி ஒட்டும், அந்த ஏற்றத்தில் சைக்கிள் நிற்கும் என்று முதலில் நம்பவே முடியாது. நெஞ்சுதான் திணறும். முழுசாகப் போக வேண்டும் என்று கட்டாயமில்லை, பழகுவதற்கென்று சின்ன வளையம் ஒன்று தனியாக இருக்கிறது. ஹோல் எஞ்சிலாடா என்ற டிரெயிலைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அது 11,000 அடிக்கு மேலிருந்து 4,000 அடிக்கு இறங்குவது. ஏப்ரலில் மேலே பனி கிடக்கும், ஷட்டில் வண்டி நடுவழியிலேயே இறக்கிவிடும். இறங்குவதுதானே என்று நினைக்காதீர்கள், கை மணிக்கட்டு இரண்டு நாளைக்குப் பேசும்.

குடும்பத்துக்கு ஏற்ற இடம் என்று ஒன்றைத்தான் சொல்லச் சொன்னால் டெட் ஹார்ஸ் பாயின்ட். மாநிலப் பூங்கா என்பதால் சைக்கிளுக்கென்றே இன்ட்ரெபிட் டிரெயில் இருக்கிறது, விளிம்பை ஒட்டியே போகும், 2,000 அடிக்குக் கீழே கொலராடோ ஆறு வளைந்து திரும்பும். நீங்கள் ஓட்டும்போது அவர்கள் விளிம்பில் நின்று அதையே பார்க்கலாம். பக்கத்திலிருக்கும் ஆர்ச்சஸ், கேன்யன்லேண்ட்ஸ் இரண்டும் தேசியப் பூங்கா, அங்கே கார் போகும் சாலையில் மட்டும்தான் சைக்கிள், நடைபாதையில் கூடாது.

பிள்ளைகளிடம் முன்கூட்டியே ஒன்று சொல்லி வையுங்கள். பாதைக்கு வெளியே கறுப்பாக, பொருபொருவென்று மேடு மேடாகத் தெரியும் மண்ணை மிதிக்கக் கூடாது. அது உயிருள்ள மேலோடு, மண்ணைக் காற்று அள்ளிப்போகாமல் பிடித்து வைத்திருப்பதே அதுதான். ஒரு காலடி ஆறப் பல பத்து வருடம் ஆகும்.

ஃப்ரூட்டா மோவாபிலிருந்து ஒன்றரை மணி நேரம். நேரமிருந்தால் மட்டும் போங்கள். ரஸ்ட்லர்ஸ் லூப் புதியவர்களுக்கென்றே போட்டது. முந்தின நாள் மழை பெய்திருந்தால் போகவே போகாதீர்கள், களிமண் சக்கரத்தில் அப்பிக்கொண்டு உருளவே விடாது, பாதையும் பாழாகும். திரும்பும் வழியில் பேஜ் ஊரைச் சுற்றி 10 மைல் ரிம் டிரெயில் இருக்கிறது, தூரத்தில் லேக் பவல் தெரியும், ஒரு காலைக்கு அது போதும்.

தண்ணீர் தலைக்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டர், காரில் அதற்குமேல் ஒரு கேன். வெறும் தண்ணீர் குடித்தே தலைவலி வரவழைத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். உப்புக்கு எங்கள் வீட்டில் நார்த்தங்காய் ஊறுகாயும் மோரும்தான், பொடி கலக்குகிறவர்கள் கலக்கிக்கொள்ளுங்கள். சைக்கிள் ரேக்கை மாட்டும்போது டயர் சைலன்சர் வாய்க்கு நேரே வருகிறதா என்று குனிந்து பாருங்கள், நீண்ட ஓட்டத்தில் அந்தச் சூட்டில் டயர் வெந்துவிடும். ராத்திரி சைக்கிளை ரேக்கிலேயே விட்டுவைக்காதீர்கள், மோவாபில் பல மோட்டல்களில் அறைக்குள் கொண்டுபோக விடுவார்கள், கழுவ இடமும் இருக்கும்.

அங்கேயே கழுவிவிடுங்கள், தயவுசெய்து. எங்கள் குடியிருப்புச் சங்கத்தைப் பற்றிச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. பயணம் முடிந்து வந்து வாசலில் சைக்கிளைக் கழுவினேன், சிமென்டில் கொஞ்சம் செம்மண் கறை. மூன்றாம் நாள் கடிதம், போட்டோவோடு. கறை ஒன்று, காரில் மாட்டிய ரேக் தெருவிலிருந்து தெரிகிறது என்பது இன்னொன்று. எதிர் வீட்டில் கிறிஸ்துமஸ் விளக்கு மார்ச் வரை தொங்குகிறது, அதற்கு ஒரு கடிதமும் கிடையாது. மாதாமாதம் பணம் கட்டுவது நாம், நம்மையே போட்டோ எடுக்க ஆள் வைத்திருக்கிறார்கள். சரி, விடுங்கள்.

மனைவிக்கு மின் சைக்கிள் வாடகைக்கு எடுக்கலாமா என்று கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். எடுக்கலாம், ஆனால் மோவாபில் எல்லா டிரெயில்களிலும் அதற்கு அனுமதி இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். எந்த டிரெயில் என்று முடிவு செய்துவிட்டு, வாடகைக் கடையில் கேட்டுக்கொண்டு பணம் கட்டுங்கள்.