நேற்றைய குருமா

அன்புள்ள அண்ணா,

எனக்கு 24 வயது. ஊர் கோபிசெட்டிபாளையம். பி.காம். முடித்துவிட்டு, திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் மூன்று வருடமாக மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். விடுதியில் ஞாயிறுதோறும் தோழிகளுக்கு நான்தான் சமைக்கிறேன். ஒரு முறை செய்ததை அடுத்த முறை அதேபோலச் செய்ததில்லை. எதையாவது மாற்றிப் பார்ப்பேன். என்னுடைய பள்ளிபாளையம் சிக்கன் பாஸ்தாவுக்கு விடுதியில் அடிதடியே நடக்கும். வேலையை விட்டுவிட்டு, கேட்டரிங் படித்து செஃப் ஆக வேண்டும் என்று ஆசை. அப்பாவிடம் சொன்னேன். “ஊருக்கு ஆக்கிப் போடவா உன்னைப் படிக்க வைத்தேன்?” என்றார். இரண்டு வாரமாகப் பேச்சில்லை. நீங்கள் ஹோட்டல் சமையலறையில் இருந்தவர் என்பதால் கேட்கிறேன். எனக்கு இது சரிவருமா?

ச., திருப்பூர்

அன்புள்ள ச.,

சமைக்கத் தெரியாத பெண்ணை யார் கட்டிக்கொள்வார்கள் என்று உங்கள் வீட்டிலும் யாராவது ஒருவர் சொல்லியிருப்பார். கூலியில்லாமல் ஆக்கினால் குணம், கூலிக்கு ஆக்கினால் கௌரவக் குறைச்சல். என் அப்பாவும் இதையேதான் சொன்னார், அதுவும் ஆண்பிள்ளையிடம். உங்கள் அப்பாவின் கோபம் ஆறிவிடும். எனக்குக் கவலை தருவது உங்கள் கடிதத்தின் வேறொரு வரி: ஒரு முறை செய்ததை அடுத்த முறை அதேபோலச் செய்ததில்லை என்கிறீர்களே, அது.

நான் பெங்களூரில் ஒரு ஹோட்டலில் நான்கு வருடம் இருந்தேன். இரண்டாம் வருடம் வெள்ளைக் குருமா என் பொறுப்பு. ஒரு நாள் துளி கல்பாசி சேர்த்தேன். மணம் பிரமாதமாக இருந்தது. எனக்கே என் மேல் மரியாதை வந்துவிட்டது. அன்று வியாழக்கிழமை. வியாழன்தோறும் வந்து ஆப்பமும் குருமாவும் சாப்பிடும் பெரியவர் ஒருவர் பாதியில் நிறுத்திவிட்டு, “சமையல்காரர் மாறிவிட்டாரா?” என்று கேட்டு அனுப்பினார். செஃப் என்னைக் கூப்பிட்டார். திட்டவில்லை. “குருமா நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர் போன வாரம் சாப்பிட்டதைச் சாப்பிட வந்திருக்கிறார். உன் யோசனையைச் சாப்பிட வரவில்லை” என்றார்.

அதற்குப் பிறகும் இரண்டு வருடம் ஓட்டினேன். உடம்பு தாங்கவில்லை, வந்துவிட்டேன் என்று ஊரில் சொல்லிக்கொண்டேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை. அதே குருமாவை அதே மாதிரி வைக்க எனக்குப் பொறுமை இல்லை, அவ்வளவுதான். ஆகவே, தோற்றவன் சொல்லும் யோசனையாகவே இதைப் படியுங்கள்.

பெரிய சமையலறையில் நீங்கள் சேரும் இடம் ‘கமி’ என்ற கடைசிப் படி. அதற்குள்ளேயே மூன்று படிகள் உண்டு. அப்புறம் டெமி செஃப், பிறகு ஒரு பிரிவுக்குப் பொறுப்பான செஃப் டி பார்ட்டி, அவருக்கு மேல் சூ செஃப், உச்சியில் எக்ஸிகியூட்டிவ் செஃப். இப்படி வகுத்தவர் எஸ்கோஃபியே என்ற பிரெஞ்சுக்காரர். 1870-இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் நடந்த போரில் படைக்குச் சமைத்தவர். பிற்பாடு லண்டன் சவாய் ஹோட்டலின் சமையலறையைப் படைப்பிரிவு போலவே நடத்தினார். படையில் புதிதாகச் சேர்ந்தவன் புது வியூகம் சொன்னால் என்ன ஆகும்? உங்களைவிட நான்கு வயது சின்னப் பையன் உங்களுக்கு மேலே நின்று, “கேரட் துண்டு பெரிதாக இருக்கிறது, மறுபடி நறுக்குங்கள்” என்பான். அவன் சொல்வது சரியாகவும் இருக்கும். மூன்று மில்லிமீட்டர் துண்டும் ஐந்து மில்லிமீட்டர் துண்டும் ஒரே நேரத்தில் வேகாது.

உங்கள் பள்ளிபாளையம் சிக்கனையே எடுத்துக்கொள்வோம். கோழி, சின்ன வெங்காயம், விதை நீக்கிய வரமிளகாய், தேங்காய்ச் சில்லு, கறிவேப்பிலை, மஞ்சள், உப்பு, எண்ணெய். மசாலாப் பொடி கிடையாது. (குடைமிளகாய் போடுகிறவர்களைக் காவிரிப் பாலத்தில் நிறுத்தி விசாரிக்க வேண்டும்.) ஒளிந்துகொள்ள மசாலா இல்லாததால், வெங்காயம் கொஞ்சம் கூடுதலாகச் சிவந்தாலும் நாக்கு கண்டுபிடித்துவிடும். பாஸ்தா இருக்கட்டும். இதை இருபது முறை ஒரே மாதிரி செய்யுங்கள். பதினைந்தாவது முறை உங்களுக்கு எரிச்சல் வருகிறதா, அல்லது பன்னிரண்டாவது ஏன் பிசகியது என்று யோசனை ஓடுகிறதா என்று பாருங்கள். யோசனை ஓடினால் நீங்கள் என்னைவிடத் தேறியவர்.

தேறுவீர்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. காரணம், நீங்கள் விட்டுவிடப் பார்க்கும் அந்த வேலை. வெளிநாட்டுக்காரர் ஒரு சாம்பிளுக்கு ஒப்புதல் கொடுக்கிறார். அதே அளவு, அதே நிறம், துணியின் கனத்தைக் குறிக்கும் அதே ஜி.எஸ்.எம். பத்தாயிரம் உருப்படியிலும் வர வேண்டும். சாயம் ஒரு நூல் மாறினாலும் நீங்கள்தான் ஓட வேண்டும். ஒரு பனியனுக்குத் துணி எவ்வளவு, சேதாரம் எவ்வளவு, பட்டன் எவ்வளவு என்று காஸ்டிங் போடுகிறீர்கள். ஒரு தட்டுக்கு எண்ணெய் எவ்வளவு, எலும்பு போகக் கறி எவ்வளவு என்று செஃப் போடுவதும் அந்தக் கணக்குத்தான். கேட்டரிங் கல்லூரியிலிருந்து நேராக வருகிற பிள்ளைகள் இதில்தான் விழிப்பார்கள்.

என் மாமா நம்பியூர்ப் பக்கம் கல்யாணச் சமையல்காரர். ஒரு முறை கல்யாணத்துக்கு முதல் நாள் இரவு உறவுக்காரர்களுக்கு 300 இலைக்கு அரிசிம்பருப்பு, அதாவது அரிசியும் பருப்பும் சேர்த்து வேகவைக்கும் நம் பக்கத்துச் சாதம். வீட்டில் ஒரு படிக்கு மூன்று படி தண்ணீர் என்றால், இருபது படிக்கு அறுபது என்று நான் குடத்தைத் தூக்கினேன். அவர் ஐம்பதிலேயே நிறுத்திவிட்டார். அண்டா ஆழமானது, உள்ளே இருப்பதற்கு வாய் சிறியது. ஆவியாகப் போவது குறைவு. தீயை நிறுத்தினாலும் அந்தச் சூட்டிலேயே அரிசி வெந்துகொண்டிருக்கும். இதை அவர் விளக்கவில்லை, பின்னால் நானாகத் தெரிந்துகொண்டேன். அவர் செய்ததெல்லாம் அடுப்புக்குப் பக்கத்தில் காதைச் சாய்த்துக்கொண்டு நின்றதுதான். களகளவென்று இருந்த கொதி தடித்து, பொதக், பொதக் என்றது. “விறகை இழு, கண்ணு” என்றார். மூடியின் மேல் தணலைப் பரப்பினோம். அரை மணி நேரம் யாரையும் தொட விடவில்லை.

வேலையை விடுவதற்கு முன்னால், முகூர்த்த ஞாயிறுகள் நான்கில் இப்படி ஒருவரிடம் போய் நில்லுங்கள். ஆடியில் போகாதீர்கள், அவர்களுக்கே வேலை இருக்காது, ஆவணியில் போங்கள். பெண் என்பதால் வெங்காயம் உரிக்கத்தான் உட்கார வைப்பார்கள். உரியுங்கள். ஆனால் அண்டாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உரியுங்கள்.

படிப்பைப் பற்றிச் சுருக்கமாக. மத்திய அரசின் ஹோட்டல் மேலாண்மைக் கல்லூரிகளுக்கு என்.சி.எச்.எம். என்ற நுழைவுத் தேர்வு, மூன்று வருடப் பட்டம். சென்னை தரமணியில் ஒரு கல்லூரி இருக்கிறது. திருச்சி துவாக்குடியில் இருப்பது மாநில அரசுடையது. மூன்று வருடம் அதிகம் என்றால் சமையலுக்கு மட்டுமான சான்றிதழ் படிப்புகளும் உண்டு. கோவையில் தனியார் கல்லூரிகள் ஏராளம். கட்டடத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். ஒரு மாணவர் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் அடுப்பின் முன் நிற்கிறார் என்பதை அங்கே படிக்கிறவர்களிடமே கேளுங்கள். வேலையில் சேரும்போது, இரவுப் பணி முடிந்து வீடு திரும்ப வண்டி உண்டா என்பதையும் கூச்சமில்லாமல் கேளுங்கள். முதல் சில வருடங்கள் இப்போதைய சம்பளத்தில் பாதிகூட வராது என்று வைத்தே கணக்குப் போடுங்கள். அந்தக் கணக்கை எழுதி அப்பாவின் முன் வையுங்கள். ஆசை என்று சொன்னால் முறைப்பவர்கள், காகிதத்தில் எண்கள் இருந்தால் கண்ணாடியைத் தேடுவார்கள்.

அடுத்த முறை கோபிக்குப் போகும்போது ஒரு சின்னத் தராசு வாங்கிக்கொண்டு போங்கள். அமுச்சி (அம்மாவழிப் பாட்டி) ஒரு கை அரிசி, ஒரு கை பருப்பு என்று அள்ளும்போது ஒவ்வொன்றையும் நிறுத்து எழுதுங்கள். எங்கள் வீட்டில் நான் நிறுத்தபோது அம்மாவின் ஒரு கை அரிசி 58 கிராம், அக்காவினுடையது 44. ஆனால் இருவர் அரிசிம்பருப்பும் ஒரே ருசி. தராசு கெட்டுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் கவனித்தேன்: அரிசியையும் பருப்பையும் வெங்காயத்தையும் அள்ளுவது அதே கைதான்.