பேஸி இல்லாத பேஸி பேண்ட்: கேள்வி பதில்

ஜாஸ் எனக்குப் புதுசு. கவுண்ட் பேஸி 1984-லேயே இறந்துவிட்டார் என்கிறார்கள். ஆனால் 'கவுண்ட் பேஸி ஆர்கெஸ்ட்ரா' இன்றும் ஊர் ஊராக வாசிக்கிறதே, எப்படி சார்?

அந்த பேண்ட் பிறந்ததே ஒரு தலைவர் போன பிறகுதான். கேன்சஸ் சிட்டியில் பென்னி மோட்டன் என்பவர் பெரிய பேண்ட் வைத்திருந்தார். 1935-ல் டான்சில் அறுவை சிகிச்சையின்போது இறந்துபோனார். அவரிடம் பியானோ வாசித்த பேஸி, அந்த ஆட்களில் சிலரைச் சேர்த்துக்கொண்டு ரீனோ கிளப்பில் ஒன்பது பேராக வாசிக்க ஆரம்பித்தார். அந்த வாசிப்பு வானொலியில் போனது. சிகாகோவில் காரில் உட்கார்ந்து ரேடியோ கேட்டுக்கொண்டிருந்த இசைத்தட்டுத் தயாரிப்பாளர் ஜான் ஹாமண்ட் காதில் விழ, அவர் தேடி வந்தார். மீதியெல்லாம் அதற்குப் பிறகு.

அவருக்குப் பின் யார் யார் தலைவர்கள்?

தாட் ஜோன்ஸ் (1985), ஃபிராங்க் ஃபாஸ்டர் (1986), குரோவர் மிட்செல் (1995), பில் ஹியூஸ் (2003), டென்னிஸ் மேக்ரல் (2010), 2013 முதல் ஸ்காட்டி பார்ன்ஹார்ட். முதல் ஐந்து பேரும் பேஸி கையால் சம்பளம் வாங்கியவர்கள். பார்ன்ஹார்ட் 1993-ல் சேர்ந்தவர், பேஸியோடு வாசித்ததில்லை.

வாத்தியத்தையும் பாருங்கள்: டிரம்பெட், சாக்ஸ், டிராம்போன், மறுபடி டிராம்போன், டிரம்ஸ், டிரம்பெட். ஒரு பியானோக்காரர்கூட இல்லை! இது தற்செயல் என்று நான் நம்பவில்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு 'நான்தான் தலைவன்' என்று சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும்?

கிளென் மில்லர் பேண்டும் இப்படித்தானே அண்ணா தொடர்கிறது? என்ன வித்தியாசம்?

நல்ல கேள்வி. மில்லர் ஏறிய விமானம் 1944 டிசம்பர் 15 அன்று இங்கிலாந்திலிருந்து பாரிஸ் போகும் வழியில் காணாமல் போனது. போருக்குப் பின், அவரிடம் சாக்ஸ் வாசித்த டெக்ஸ் பெனக்கி 1950 வரை அந்தப் பெயரோடு நடத்தினார். பழைய சத்தத்தையே வாசி என்று குடும்பத்தார் தரப்பு, கொஞ்சம் நகரலாம் என்று இவர், கடைசியில் பிரிந்தார்கள். 1956-ல் ரே மெக்கின்லி, 1966-ல் பட்டி டிஃப்ராங்கோ என்று இன்றுவரை வரிசை போகிறது.

மில்லரின் அடையாளம் காகிதத்தில் இருக்கிறது. கிளாரினெட் மெட்டைப் பிடிக்கும், அதே மெட்டை டெனர் சாக்ஸ் ஒரு ஸ்தாயி கீழே வாசிக்கும், நடுவில் மற்ற சாக்ஸ்கள். நோட்டு கையில் இருந்தால் நல்ல வாத்தியக்காரர்கள் அந்தச் சத்தத்தைக் கொண்டுவந்துவிடலாம். பேஸி பேண்டின் ஆரம்பகால உருப்படிகளில் பாதி எழுதப்பட்டதே இல்லை. மேடையிலேயே ஒருவர் ஒரு துணுக்கு வாசிக்க, பக்கத்தில் இருப்பவர் பிடித்துக்கொள்வார். நோட்டு வந்த பிறகும், எங்கே கொஞ்சம் பின்தங்கி வாசிப்பது, எந்த ஸ்வரத்தை விழுங்குவது என்பதெல்லாம் அதில் இருக்காது. பக்கத்து நாற்காலியில் வருஷக்கணக்கில் உட்கார்ந்தால்தான் வரும். அதனால்தான் தலைவரும் உள்ளிருந்தே வர வேண்டியிருக்கிறது.

மன்னிக்கவும், பேஸி பியானோவில் ஒன்றுமே வாசிக்காத மாதிரி இருக்கிறது. இவரையா மேதை என்கிறீர்கள்?

கோபமெல்லாம் இல்லை, முதலில் நானும் அப்படித்தான் நினைத்தேன். 'லில் டார்லின்' கேளுங்கள். நீல் ஹெஃப்டி அதை வேகமான உருப்படியாகத்தான் எழுதிக் கொடுத்தார். பேஸி காலப்பிரமாணத்தை இழுத்து, நடந்து போகிற அளவுக்குக் குறைத்தார். அந்த வேகத்தில் இத்தனை பேர் ஒன்றாக மூச்சு விட்டு ஒரே இடத்தில் விழுவது லேசில்லை, யாராவது ஒருத்தர் அவசரப்பட்டாலும் அம்பலம். பியானோவில் அவர் அங்கங்கே நாலு ஸ்வரம் வைப்பார். சொட்டு சொட்டாக. கை நிறைய வாசித்திருந்தால் அந்த இடைவெளியே போயிருக்கும்.

கிட்டார் இருக்கிறதாம், எனக்குக் கேட்கவே இல்லையே?

கேட்கக் கூடாது என்றுதான் வாசித்தார்! ஃபிரெடி கிரீன், 1937-ல் சேர்ந்தார். ஆம்ப்ளிஃபயர் கிடையாது, தனி வாசிப்பு கிட்டத்தட்ட கிடையாது. ஒரு தாளச் சுற்றுக்கு நாலு தட்டு, அவ்வளவுதான், ராத்திரி முழுக்க. 1950-ல் பேஸி கைக்காசு வறண்டு பேண்டைக் கலைத்துச் சின்னக் குழுவாக்கியபோதுகூட கிரீன் அதிக நாள் பிரிந்திருக்கவில்லை. பேஸி போன பிறகும் 1987 மார்ச்சில் சாகும்வரை அதே நாற்காலி. தாட் ஜோன்ஸும் ஃபாஸ்டரும் தலைவரானபோது பேண்ட் ஆடாமல் நின்றதற்கு இந்த மனிதர் ஒரு பெரிய காரணம் என்பேன். ஹெட்ஃபோனில் டிரம்ஸை மறந்துவிட்டு பாஸுக்குப் பக்கத்தில் தேடுங்கள், மெல்லிய 'சக் சக்' கேட்கும்.

முதல் இசைத்தட்டு ஒப்பந்தத்தில் பேஸி ஏமாந்தார் என்பது நிஜமா?

நிஜம். டெக்கா என்ற இசைத்தட்டு கம்பெனிக்கு 24 இசைத்தட்டுப் பக்கங்கள், மொத்தம் 750 டாலர், ராயல்டி கிடையாது. 1937-ல் பதிவான 'ஒன் ஓ'கிளாக் ஜம்ப்' அந்தக் கணக்கில்தான் போனது. ஹாமண்ட் தலையைப் பிடித்துக்கொண்டார், ஆனால் கையெழுத்து விழுந்தாகிவிட்டது.

இப்போதைய பேண்ட் வெறும் பழைய பாட்டுக் கச்சேரிதானே?

பாதி ஒத்துக்கொள்கிறேன். பழசை வாசிக்காவிட்டால் டிக்கெட் போகாது. ஆனால் மிட்செல் காலத்தில் இரண்டு கிராமி, பார்ன்ஹார்ட் காலத்தில் 2024-ல் ஒன்று வாங்கியிருக்கிறார்கள். விருது கிடக்கட்டும், எனக்கு ஃபாஸ்டர் காலம்தான் பிடிக்கும். 'ஷைனி ஸ்டாக்கிங்ஸ்' எழுதிய ஆளே முன்னால் நின்று அதை நடத்தினால் எப்படி இருக்கும், யோசியுங்கள்.

ஒரே ஒரு பதிவு சொல்லுங்கள் சார், எதில் ஆரம்பிக்க?

1955-ல் பதிவான 'ஏப்ரல் இன் பாரிஸ்'. நடுவில் ஒரு டிரம்பெட் வரும், சட்டென்று ஒரு குழந்தைப் பாட்டின் மெட்டை எடுத்து விளையாடும். அதுதான் தாட் ஜோன்ஸ், முப்பது வருஷம் கழித்துத் தலைவராக வந்த அதே ஆள். பாட்டு முடிந்துவிட்டது என்று நினைக்கும்போது பேஸி குரல் கொடுப்பார், மறுபடி முடிவை வாசிப்பார்கள். திரும்பவும் 'ஒன் மோர் ஒன்ஸ்' என்பார். அதுவரை நிறுத்திவிடாதீர்கள்.