பழைய லேப்டாப்பில் ராம் கூட்ட வேண்டும். வீட்டிலேயே நானே மாற்றலாமா, போர்டு போய்விடுமா?

நீங்கள் வைத்திருப்பது திங்க்பேட் எக்ஸ்230. 4 ஜிபி ராம், அதாவது வேலை நடக்கும்போது தகவலைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகம். பிரவுசரில் நாலு டேப் திறந்தாலே திணறுகிறது. கடையில் கேட்டால் "பழசு சார், கை வைத்தால் போர்டு போயிடும், புதுசு வாங்கிக்குங்க" என்கிறார்கள். நானே கழற்றி மாற்றலாமா, கையிலிருக்கும் நிலைமின்சாரத்தால் கெட்டுவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாக மாற்றலாம். இதே எக்ஸ்230 ஒன்றைத்தான் என் அக்கா மகளுக்கு இரண்டாம் கையாக வாங்கிக் கொடுத்தோம். அவள் கல்லூரிப் படிப்பு முழுவதும் அதிலேயே முடிந்தது. அதில் ராம் கூட்டியது நான்தான், சமையலறை மேசையில் வைத்து. பயிற்சி எதுவும் எடுத்தவனில்லை. அதனால் கடைக்காரர் காட்டும் பயத்தை அப்படியே வாங்கிக்கொள்ள வேண்டாம்.

ஆனால் அந்தப் பயத்தில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ராம் மாற்றப் போய் போர்டை, அதாவது எல்லா பாகங்களும் இணைந்திருக்கும் மதர்போர்டைக் கெடுத்துக்கொண்டவர்கள் உண்டு. நான் பார்த்தவரை அதற்குப் பெரும்பாலும் காரணம், பேட்டரியைக் கழற்றாமல் ராமில் கை வைத்தது. லேப்டாப்பை அணைத்து, சார்ஜரையும் பிடுங்கிவிட்டால் மின்சாரம் இல்லை என்று நினைக்கிறோம். பேட்டரி உள்ளே இருக்கும்வரை போர்டின் சில பகுதிகளுக்கு மின்சாரம் போய்க்கொண்டேதான் இருக்கும். ஸ்லீப்பில் இருந்தால் இன்னும் மோசம், ராமில் இருப்பதை அழியாமல் வைத்திருக்க ராமுக்கே மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும். உங்கள் லேப்டாப்பில் இருக்கும் டிடிஆர்3 என்ற தலைமுறை ராமுக்கு 204 தொடுமுனைகள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் 0.6 மில்லிமீட்டர்தான். உள்ளே மின்சாரம் இருக்கும்போது ராமைச் சாய்த்து இழுத்தால் ஒரு முனை பக்கத்து முனையில் உரசிவிட்டுப் போகும். அந்த ஒரு நொடி போதும். ஆக, பாதுகாப்பு என்று நீங்கள் கேட்பதில் பெரும்பகுதி மூடியைத் திறப்பதற்கு முந்தைய இரண்டு நிமிடத்தில் இருக்கிறது.

வாங்குவதற்கு முன்னால், ராம்தான் உண்மையில் குறையா என்று பாருங்கள். நீங்கள் வழக்கமாகச் செய்யும் வேலைகளையெல்லாம் திறந்து வைத்துக்கொண்டு, விண்டோஸ் டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போய் மெமரியைப் பாருங்கள். 85, 90 சதவீதத்தில் நிற்கிறதென்றால் ராம் கூட்டினால் பலன் தெரியும். மெமரி பாதிதான் நிரம்பியிருக்கிறது, டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் நிற்கிறது என்றால் குற்றம் பழைய ஹார்ட் டிஸ்க்கின் மேல். அந்தப் பணத்தில் முதலில் எஸ்எஸ்டி, அதாவது சுழலும் பாகம் இல்லாத வேகமான டிஸ்க் போடுங்கள். இரண்டுமே உச்சத்தில் இருந்தால் ராமிலிருந்து தொடங்கலாம். இடம் போதாமல் விண்டோஸ் பாதியை டிஸ்க்கில் எழுதி எழுதி எடுப்பதால்கூட டிஸ்க் அப்படி நிற்கும். அதே பக்கத்தில் கீழே ராம் செருகும் இடமான ஸ்லாட் எத்தனை, அதில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்றும் காட்டும். லினக்ஸ் என்றால் டிமைடிகோட் கட்டளை இதே விவரத்தைத் தரும்.

இன்னொன்று, விண்டோஸ் 32 பிட்டா, 64 பிட்டா? அந்தக் காலத்து லேப்டாப் பலவற்றில் 32 பிட் விண்டோஸ் 7 போட்டிருப்பார்கள். அது 4 ஜிபிக்கு மேல் தொடாது. 8 ஜிபி போட்டாலும் மூன்று சொச்சம்தான் பயன்படும், மீதி சும்மா கிடக்கும். அப்படியானால் முதலில் 64 பிட்டுக்கு மாறுங்கள்.

சரி, எதை வாங்குவது? எக்ஸ்230இல் இரண்டு ஸ்லாட். ஒன்றுக்கு 8 ஜிபி வீதம் மொத்தம் 16 ஜிபி வரை ஏற்கும். உங்கள் பயன்பாட்டுக்கு 8 ஜிபியே போதும். ஏற்கெனவே இருக்கும் 4 ஜிபிக்கு ஜோடியாக இன்னொரு 4 ஜிபி போட்டால், இரண்டும் சேர்ந்து இரட்டைச் சேனலில், அதாவது ஒரே நேரத்தில் இரண்டு பாதையில் ஓடும். இதில் தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. பிராசஸருக்குள்ளேயே இருக்கும் இன்டெல் எச்டி 4000 கிராபிக்ஸ் ராமிலிருந்தே இடம் எடுத்துக்கொள்கிறது. அதனால் ஒற்றை 8 ஜிபியைவிட 4 கூட்டல் 4 நன்றாக ஓடும். நாளைக்கு 16 வரை போக வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் மட்டும் இப்போதே ஒரு 8 ஜிபி வாங்கி, பழைய 4 ஜிபியோடு சேர்த்து 12 ஆக வைத்துக்கொள்ளலாம். அதுவும் வேலை செய்யும்.

கடைக்குப் போகும்போது, கீழே சொல்லும் முறையில் மூடியைத் திறந்து, பழைய ராமின் ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள். அதில் '4ஜிபி 1ஆர்எக்ஸ்8 பிசி3எல்-12800எஸ்' என்பது போல ஒரு வரி இருக்கும். கடைக்காரர் சொல்வதைவிட அந்த வரியை நம்புங்கள். பிசி3 என்றால் டிடிஆர்3. 12800 என்பது 1600 வேகம். நொடிக்கு 1600 மில்லியன் தடவை, ஒவ்வொரு தடவையும் 8 பைட், பெருக்கினால் 12800. கடைசியில் வரும் எஸ் லேப்டாப்புக்கான சின்ன அளவைக் குறிக்கும். 10600 கிடைத்தால் அதுவும் ஓடும், ஆனால் இரண்டுமே 1333 வேகத்துக்கு இறங்கிவிடும்.

நடுவில் இருக்கும் அந்த எல் என்ற ஒற்றை எழுத்துக்கு ஒரு கதை உண்டு. நண்பர் ஒருவரின் நான்காம் தலைமுறை ஐ5 லேப்டாப்புக்கு ராம் வாங்கப் போனோம். "டிடிஆர்3தானே, எல்லாம் ஒண்ணுதான்" என்று ஒரு கடையில் எடுத்துக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து போட்டதும் விளக்கு எரிந்தது, ஃபேன் சுற்றியது, திரை கறுப்பாகவே இருந்தது. அதே கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால், போர்டு போய்விட்டது என்று சொல்லி ஒரு பெரிய தொகை கேட்டார்கள். நண்பர் கொடுக்கவும் தயாராகிவிட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து புது ராமை எடுத்துவிட்டுப் பழையதைப் போட்டேன், உடனே ஓடியது. இரண்டு ஸ்டிக்கரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, பழையதில் பிசி3எல், புதியதில் வெறும் பிசி3. சாதாரண டிடிஆர்3 ராமுக்கு 1.5 வோல்ட் வேண்டும், எல் வகைக்கு 1.35 வோல்ட் போதும். அந்த லேப்டாப் 1.35 மட்டும்தான் கொடுக்கும். போர்டுக்கு ஒன்றுமே ஆகவில்லை. ஓர் எழுத்தைப் படிக்காததற்காக நல்ல லேப்டாப் ஒன்றைப் பழைய இரும்புக்குப் போட்டிருப்போம் என்று நினைத்தால் இன்றைக்கும் கோபம் வருகிறது.

உங்கள் எக்ஸ்230இல் இருப்பது மூன்றாம் தலைமுறை பிராசஸர், ராமுக்கு 1.5 வோல்ட் கொடுப்பது. எல் வகை ராம் இரண்டு வோல்ட்டேஜிலும் ஓடும்படி செய்யப்பட்டது. அதனால் எல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் உங்களுக்கு ஓடும். என்னைக் கேட்டால் எல் வகையையே வாங்குங்கள், பின்னால் வேறு லேப்டாப்புக்கும் உதவும். டிடிஆர்4 மட்டும் வாங்கிவிடாதீர்கள், ராமின் தொடுமுனை ஓரத்தில் இருக்கும் வெட்டு அதில் வேறு இடத்தில் இருக்கும், நுழையவே நுழையாது.

இதைப் படிக்கும் வேறு சிலரிடம் 2011இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினி இருக்கலாம். ஆண்டுக்கு ஆண்டு மாடல் மாறியது, அதனால் பொதுவாக ஒன்று சொல்ல முடியாது. கழற்றி ஸ்டிக்கரைப் பார்த்த பிறகுதான் வாங்க வேண்டும். சில மெல்லிய லேப்டாப்களில் ராமைப் போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள், அங்கே ஒன்றும் செய்ய முடியாது. திங்க்பேட் டி440எஸ் போன்றவற்றில் 4 ஜிபி பற்றவைத்தும், ஒரு ஸ்லாட் காலியாகவும் இருக்கும்.

இனி கழற்றுவது. லேப்டாப்பை ஷட் டவுன் செய்யுங்கள், ஸ்லீப்பில் போடாதீர்கள். விண்டோஸ் 8க்குப் பிறகு சாதாரண ஷட் டவுன் முழு ஷட் டவுன் இல்லை, ஷிஃப்டை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுத்தால்தான் முழுசாக அணையும். சார்ஜரைப் பிடுங்குங்கள். யுஎஸ்பியில் எதுவும் செருகியிருந்தால் அதையும் எடுங்கள். திருப்பிப் போட்டு, தாழ்ப்பாள்களைத் தள்ளிப் பேட்டரியை வெளியே எடுத்து வேறு இடத்தில் வையுங்கள். அப்புறம் பவர் பட்டனை 15 நொடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே மிச்சம் தங்கியிருக்கும் மின்சாரம் அதில் வடிந்துவிடும். பேட்டரி உள்ளேயே இருக்கும் புதிய மாடல் திங்க்பேட்கள் சிலவற்றில் பேட்டரியைத் துண்டிக்க பயாஸிலேயே (விண்டோஸ் தொடங்கும் முன் வரும் அமைப்புத் திரை) ஒரு தெரிவு இருக்கும். மற்ற லேப்டாப்களில் அடிமூடியைக் கழற்றியதும் முதல் வேலையாகப் பேட்டரி ஒயரின் கனெக்டரைப் பிடுங்க வேண்டும்.

நிலைமின்சாரத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். நம் விரலில் சுருக்கென்று தெரிய ஆயிரக்கணக்கான வோல்ட் வேண்டும், சிப்புக்கு அதில் சின்னப் பங்கே போதும். அதனால் ஷாக் அடிக்கவில்லையே என்று இருக்க முடியாது. ஏசி போட்ட வறண்ட அறை, நைலான் விரிப்பு, கம்பளம் இவை வேண்டாம். மர மேசையில், பருத்திச் சட்டையோடு உட்காருங்கள். ராமைத் தொடும் முன் பெயின்ட் இல்லாத இரும்பு எதையாவது, ஜன்னல் கம்பியோ தண்ணீர்க் குழாயோ, ஒரு முறை தொடுங்கள். நடுவில் எழுந்து போய் வந்தால் மறுபடி தொடுங்கள். நிலைமின்சாரத்தை வடியவிடும் கைப்பட்டை இருந்தால் நல்லது, இல்லை என்று வேலையைத் தள்ளிப்போட வேண்டாம்.

எக்ஸ்230இல் இரண்டு ஸ்லாட்டும் அடிப்பக்கத்து ஒரே மூடிக்குள் இருக்கின்றன. எந்தத் திருகு எதற்கு என்று பக்கத்திலேயே சின்னப் படம் பொறித்திருக்கும். ராம் படம் இருப்பதை மட்டும் தளர்த்துங்கள், கீபோர்டு படம் இருப்பவற்றைத் தொட வேண்டாம். ஸ்க்ரூடிரைவர் முனை பள்ளத்தில் ஆடாமல் உட்கார வேண்டும், இல்லையென்றால் தலை வழுக்கிவிடும்.

பழைய ராமை எடுக்க வேண்டியிருந்தால், இரு பக்கக் கிளிப்பையும் ஒரே நேரத்தில் வெளிப்பக்கம் விலக்குங்கள். தானாகவே சாய்வாக எழும்பும். அதே சாய்வில் இழுங்கள். புதியதை ஓரத்தில் மட்டும் பிடியுங்கள், தங்க நிற முனைகளில் விரல் படக் கூடாது. வெட்டையும் ஸ்லாட்டில் உள்ள மேட்டையும் பொருத்தி, ஏறக்குறைய 30 டிகிரி சாய்வில் உள்ளே தள்ளுங்கள். தங்க முனைகள் ஏறக்குறைய முழுசாக மறைய வேண்டும். மறையாமலேயே கீழே அமுக்குவதுதான் எல்லாரும் செய்யும் தவறு. மறைந்த பிறகு மெதுவாகக் கீழே அழுத்துங்கள். இரு பக்கமும் 'டிக்' என்று கேட்கும். ஒரு பக்கம் மட்டும் கேட்டால் எடுத்துவிட்டு மறுபடி போடுங்கள். எங்கேயும் பலம் தேவைப்படாது. தேவைப்பட்டால் ஏதோ தப்பாக இருக்கிறது.

மூடியைத் திருகும் முன் பேட்டரியைப் போட்டு ஒரு முறை ஆன் செய்து பாருங்கள். முதல் தடவை திரை கொஞ்ச நேரம் கறுப்பாகவே இருக்கும், புது ராமை அது அளந்துகொண்டிருக்கிறது. ஒரு நிமிடம் பொறுங்கள். அப்போதும் வரவில்லை என்றால் அணைத்து, பேட்டரியை எடுத்து, ராமை மறுபடி உட்கார வையுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் பழையதை மட்டும், பிறகு புதியதை மட்டும் போட்டுப் பார்த்தால் குறை எதில் என்று தெரிந்துவிடும். ஓடினால் எஃப்1 அழுத்தி பயாஸுக்குள் போய் மொத்தம் 8 ஜிபி காட்டுகிறதா என்று பாருங்கள்.

அன்று இரவே ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ மென்பொருளை ஒரு பென் டிரைவில் ஏற்றி, லேப்டாப்பை அதிலிருந்து தொடங்கவிட்டுத் தூங்கப் போங்கள். இலவசம்தான். காலையில் ஒரு முழுச் சுற்றாவது பிழையில்லாமல் முடிந்திருக்க வேண்டும். சிவப்பில் ஒரே ஒரு பிழை வந்திருந்தாலும் அந்த ராமைத் திருப்பிக் கொடுங்கள். பழைய டிடிஆர்3 பெரும்பாலும் ஏற்கெனவே ஓடியதுதான் விற்பனைக்கு வருகிறது. அதனால் வாங்கும்போதே ஒரு வாரம் மாற்றிக்கொள்ளும் உறுதியைப் பில்லில் எழுதி வாங்குங்கள். கெட்ட ராம் உடனே காட்டிக்கொடுக்காது, நீங்கள் சேமிக்கும் கோப்புகளைச் சத்தமில்லாமல் கெடுத்துக்கொண்டிருக்கும். அக்கா மகளின் லேப்டாப்பில் முதலில் வாங்கியது அப்படித்தான் இரண்டாம் மணி நேரத்தில் பிழை காட்டியது. மறுநாளே போய் மாற்றிக்கொண்டு வந்தேன்.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஓடு முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 பட்டியலில் உங்கள் பிராசஸர் இல்லை. 8 ஜிபி போட்ட பிறகு விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் போட்டுக்கொள்ளுங்கள், இந்த லேப்டாப்பில் அருமையாக ஓடும்.

எப்போதாவது 4 ஜிபி ராமை எடுத்துவிட்டு 8 ஜிபி போட நேர்ந்தால், எடுத்ததைத் தூக்கிப் போடாதீர்கள். புது ராம் வந்த அந்த நிலைமின் தடுப்பு உறையிலேயே போட்டு, மாடல் எண்ணை மேலே எழுதி வையுங்கள். என்றைக்காவது திரை கறுத்து நின்றால், போர்டா ராமா என்று கண்டுபிடிக்க அந்த ஒன்று கையில் இருக்க வேண்டும்.