பிரஷர் மாத்திரை கல்லீரல் தழும்பைக் குறைக்குமா?

கேள்வி: எனக்கு வயது 54. ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்ட்டான் சாப்பிடுகிறேன். கொழுப்புக் கல்லீரலோடு இரண்டாம் நிலைத் தழும்பும் இருப்பதாக ஸ்கேனில் சொன்னார்கள். இந்த மாத்திரையே தழும்பையும் குறைக்கும் என்று படித்தேன். டோஸைக் கூட்டலாமா?

பதில்: நீங்களாகக் கூட்டாதீர்கள். ஆனால் நீங்கள் படித்தது வெறும் வதந்தி இல்லை.

கல்லீரல் ஆஞ்சியோடென்சினோஜன் என்ற புரதத்தைச் சுரக்கிறது. சிறுநீரகத்திலிருந்து வரும் ரெனின் அதை வெட்டி, 10 அமினோ அமிலங்கள் கொண்ட துண்டாக்குகிறது. ஏசிஇ என்ற நொதி அதில் இரண்டைக் கழற்றினால் ஆஞ்சியோடென்சின் 2 தயார். ரத்தக் குழாய்களைச் சுருக்கி அழுத்தத்தை ஏற்றும் பெப்டைடு (சில அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி) இதுதான். கல்லீரலில் வைட்டமின் ஏ-வைச் சேமித்தபடி அமைதியாக இருக்கும் ஸ்டெல்லேட் செல்களையும் இது தூண்டிவிடும். அப்புறம் அவை சேமிப்பை இழந்து, கொலாஜன் நாரை உற்பத்தி செய்து குவிக்கின்றன. தழும்பு என்பது அந்த நார்தான்.

இதற்கு மாற்றும் உடலிலேயே உண்டு. ஏசிஇ2 என்ற நொதி (கோவிட் வைரஸ் பற்றிக்கொள்ளும் அதே ஏசிஇ2தான்) ஆஞ்சியோடென்சின் 2-இலிருந்து இன்னும் ஒரே ஒரு அமினோ அமிலத்தை நீக்கிவிட்டால், மிஞ்சும் ஆஞ்சியோடென்சின் 1-7 தழும்புக்கு எதிராக வேலை செய்கிறது. எனக்கு இன்றும் வியப்பளிக்கும் விஷயம் இது.

டெல்மிசார்ட்டான், செல்களில் ஆஞ்சியோடென்சின் 2 வந்து உட்காரும் இடமான ஏற்பியை அடைக்கிறது. எலிகளில் இவ்வகை மருந்துகள் தழும்பைக் குறைத்தன. மனிதர்களிடம் நடந்த ஆய்வுகள் சிறியவை, முடிவுகளும் ஒரேமாதிரி இல்லை. எனவே தழும்புக்கான மருந்தாக இதற்கு அங்கீகாரம் இல்லை. அழுத்தத்துக்காக, எழுதிக்கொடுத்த அளவிலேயே தொடருங்கள், நிறுத்தவும் வேண்டாம்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சிரோசிஸ் (கல்லீரல் முழுக்கத் தழும்பேறிய நிலை) முற்றி வயிற்றில் நீர் கோத்தவர்களுக்கு ரத்த அழுத்தம் ஏற்கெனவே தாழ்ந்திருக்கும். சிறுநீரகம் தாக்குப்பிடிப்பதே ஆஞ்சியோடென்சின் 2 தரும் அழுத்தத்தால்தான். அவர்கள் இந்த மாத்திரையைச் சாப்பிட்டால் சிறுநீரகம் செயலிழக்கலாம். "கல்லீரலுக்கு நல்லதாம்" என்று யாருக்கும் எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள்.

உங்கள் நிலையில் தழும்பு பின்வாங்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. உடல் எடை அதிகமென்றால் 10 சதவீதம் குறையுங்கள். எடை குறைந்தால் தழும்பும் குறையும் என்பதற்கு நல்ல ஆதாரம் உண்டு. மது அறவே கூடாது. சர்க்கரை நோய் இருந்தால் கட்டுப்பாட்டில் இருக்கட்டும். அமெரிக்காவில் இரண்டு, மூன்றாம் நிலைத் தழும்புள்ள, அழற்சியோடு கூடிய கொழுப்புக் கல்லீரலுக்கு 2024-இல் ரெஸ்மெடிரோம், 2025-இல் செமாக்ளூடைடு என்று இரண்டு மருந்துகள் அங்கீகாரம் பெற்றிருக்கின்றன. பின்னதும் ஒரு ஹார்மோனைப் போலச் செய்த பெப்டைடுதான். உங்களுக்கு அவை பொருந்துமா என்று கல்லீரல் நிபுணரிடம் கேளுங்கள். போகும்போது, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், பொட்டாசியம் ரத்தப் பரிசோதனை முடிவுகளையும் எடுத்துச் செல்லுங்கள்.