ஐப்பசிக்கு முன் ஓலையைக் காய வையுங்கள்: வீட்டுக் கைவினைக் கேள்வி பதில்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் பிறந்தவள் நான். பனையோலைப் பின்னலை அம்மம்மாவிடம் பழகினேன். சிரட்டை வேலையைப் பின்னாளில் ஒரு பயிற்சி வகுப்பில் கற்றேன். இருபது வருடங்களாக இரண்டையும் செய்து, பிறருக்கும் சொல்லிக் கொடுத்து வருகிறேன். மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகளில் என் கைக்குத் தெரிந்தவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

களுவாஞ்சிக்குடியிலிருந்து: அக்கா, நான் பின்னி வைத்த குட்டான்களில் (சிறு ஓலைப் பெட்டிகளில்) கறுப்புப் புள்ளி விழுகிறது. வெயிலில் வைத்தாலும் போகவில்லை. ஏன்?

அது பூஞ்சணம், தங்கச்சி. ஓலைக்குள் இறங்கிவிட்டால் வெயில் அதைக் கொல்லுமே தவிர, கறை போகாது. தவறு பின்னலில் இல்லை, அதற்கு முன்னால் நடந்திருக்கிறது. ஓலை முழுதாகக் காயவில்லை.

இதை நானும் அழுதுதான் படித்தேன். தொழில் தொடங்கிய முதல் வருடம் தைப்பொங்கலுக்கு நாற்பது குட்டான் தருவதாக ஒரு கடைக்காரரிடம் ஒப்புக்கொண்டேன். கார்த்திகையில் ஓலை வாங்கி, மழை விட்ட நேரமெல்லாம் முற்றத்தில் பரப்பி, கைக்குக் காய்ந்தது போலத் தோன்றியதும் பின்னிவிட்டேன். எல்லாவற்றையும் பொலித்தீன் பையில் போட்டு இறுகக் கட்டியும் வைத்தேன். பொங்கலுக்கு ஐந்து நாள் இருக்கும்போது பையைத் திறந்தால் புளித்த மணம். நாற்பதில் ஆறுதான் தேறின.

நமது பக்கத்தில் வடகீழ்ப் பருவமழை ஐப்பசியில் தொடங்கினால் தை வரை ஈரம் விடாது. ஆகவே வருடத்துக்கு வேண்டிய ஓலையைக் கச்சான் காற்று வீசும் வைகாசி முதல் ஆவணி வரையான மாதங்களில் எடுத்துக் காய வைத்துவிடுங்கள். குருத்தோலை என்றால் மூன்று நான்கு நாள் நல்ல வெயில். சார்வோலை, அதாவது விரிந்து முற்றிய ஓலை, தடிப்பானது, இன்னும் இரண்டு நாள் கூட வேண்டும். காய்ந்ததா என்று பார்க்க, ஓலையின் அடிப்பக்கத்தை ஈர்க்கோடு சேர்த்து வளையுங்கள். ஈர்க்கு சட்டென்று முறிந்தால் காய்ந்துவிட்டது. துவண்டு வளைந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. காய்ந்ததைத் துணியில் சுற்றி, அடுப்படிப் பரணில் புகை படும்படி வையுங்கள். அம்மம்மாவின் வீட்டில் ஓலைக்கட்டு எப்போதும் அடுப்புக்கு மேலேதான் இருக்கும். பொலித்தீன் வேண்டவே வேண்டாம்.

பின்னும்போது ஓலை முறிகிறது என்று இன்னும் இருவர் கேட்டிருந்தார்கள். முதல்நாள் இரவு ஓலையை முற்றத்துப் பனியில் போட்டு, விடியற்காலையில் பின்னிப் பாருங்கள். வெயில் ஏறியதும் ஈரத்துணியால் மூடிவிட்டு எழும்பிவிட வேண்டும்.

அக்கரைப்பற்றிலிருந்து: சிரட்டையில் அகப்பை செய்து பார்த்தேன். மினுக்கமே வரவில்லை, காம்பும் கழன்றுவிட்டது.

சிரட்டையைத் தெரிவு செய்வதிலிருந்து சொல்கிறேன். நன்றாக முற்றிய தேங்காயின் சிரட்டை வேண்டும். சுண்டினால் கணீரென்று கேட்கும். மழையில் கிடந்த சிரட்டையை விறகுக்கு விட்டுவிடுங்கள். கண் இல்லாத பாதிதான் அகப்பைக்கு ஏற்றது. கண் உள்ள பாதியில் ஒரு கண் மெல்லியது. அதன் வழியே குழம்பு ஒழுகும்.

முதலில் ஓர் இரவு தண்ணீரில் ஊற வையுங்கள். வெளித் தும்பும் உள்ளே ஒட்டியிருக்கும் பருப்பும் இளகும். எங்கள் ஊரில் உடைந்த கண்ணாடித் துண்டால் சுரண்டுவார்கள். நான் அப்படிச் செய்து விரலை வெட்டிக்கொண்டவள். இரும்பு அறுக்கும் வாளின் பழைய அலகைத் துணி சுற்றிப் பிடித்துச் சுரண்டினால் போதும். பிறகு நிழலில் காய வைத்து அரத்தாள் போடுங்கள். மினுக்கம் வராத காரணம் இங்கேதான் இருக்கும். ஹாட்வெயார் கடையில் 80, 120, 240, 400 என்று நான்கு இலக்கத்திலும் ஒவ்வொரு தாள் வாங்குங்கள். 80 போட்ட கீறல் முழுவதும் 120-இல் மறைந்த பிறகுதான் அடுத்ததற்குப் போக வேண்டும். அவசரப்பட்டு 400-க்குத் தாவினால் கீறல்தான் மினுங்கும். கடைசியில் ஒரு துளி தேங்காய் எண்ணெயைப் பருத்தித் துணியில் தொட்டுத் தேயுங்கள். மண்ணிறத்துக்கு அடியிலிருந்து கறுப்பு ரேகைகள் மெல்ல எழும்பி வரும். எத்தனை சிரட்டை செய்தாலும் அந்தக் கணத்தில் எனக்கு மனம் நிறைந்துவிடுகிறது.

வார்னிஷ் பூச வேண்டாம். சாப்பாட்டில் படும் பொருளுக்கு எண்ணெய் மட்டும்தான். மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டு, வெளியில் இருந்து தேயுங்கள். சிரட்டைத் தூள் நெஞ்சுக்கு நல்லதல்ல.

காம்புக்குப் பசை நம்ப முடியாதது, கொதிக்கும் குழம்பில் விட்டுவிடும். விளிம்புக்கு ஒரு விரல் கீழே ஒரு துளை, நேர் எதிரே அதைவிடச் சிறிய துளை போடுங்கள். கமுகம் சிலாகையையோ மூங்கிலையோ நுனி ஒடுங்கச் சீவி, பெரிய துளையால் நுழைத்து எதிர்த் துளையில் இறுக்கித் தட்டுங்கள். காம்பு நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் தண்ணீர் பட்டதும் ஊதி, துளையை இறுக்கிப் பிடிக்கும்.

கல்முனையிலிருந்து: ரீச்சர், பிளாஸ்டிக் போத்தலில் பூ, மாலை செய்வது எப்படி? வீட்டில் நிறையப் போத்தல் சேர்ந்திருக்கிறது.

செய்வது சுலபம், ஆனால் நான் சொல்லித்தரத் தயங்குகிறேன், மகள். போத்தல் பூ மூன்று மாதம் சுவரில் தொங்கும், தூசி படியும், பிறகு குப்பைக்குப் போகும். முழுப் போத்தலாக இருந்தபோது மீள்சுழற்சிக்குக் கொடுத்திருக்கலாம். வெட்டி, சாயம் பூசி, பசை ஒட்டிய பிறகு அதை எவரும் எடுக்க மாட்டார்கள். பிளாஸ்டிக் மாலை, இடியப்பத் தட்டு, உறிஞ்சு குழல் போன்றவற்றுக்கு 2023 ஒக்டோபர் 1 முதல் நாட்டில் தடையும் இருக்கிறது. கோயிலுக்கும் கல்யாண வீட்டுக்கும் தென்னங்குருத்துத் தோரணம் இருக்கும்போது நமக்கு அது எதற்கு?

போத்தலை உபயோகப்படும் பொருளாக்குங்கள். பாதியாக வெட்டி, மூடியில் துளையிட்டு, பழைய பருத்தித் துணித் திரியை அதன் வழியே விட்டு, மேல் பாதியைத் தலைகீழாகக் கீழ்ப் பாதிக்குள் செருகுங்கள். மேலே மண்ணும் மிளகாய்க் கன்றும், கீழே தண்ணீர். திரி தண்ணீரை உறிஞ்சி வேருக்குக் கொடுக்கும். இரண்டு நாள் ஊருக்குப் போனாலும் கன்று வாடாது. கீழ்ப் பாதியைத் துணியால் சுற்றி வையுங்கள். வெளிச்சம் பட்டால் தண்ணீரில் பாசி பிடிக்கும். வயலுக்கு மருந்தடித்த போத்தலை மட்டும் எதற்கும் எடுக்க வேண்டாம், எத்தனை முறை கழுவினாலும்.

வெல்லாவெளிப் பக்கத்திலிருந்து: குளம் நிறைய ஆற்றுவாழை (வெங்காயத்தாமரை). அதில் கூடை பின்னலாம் என்கிறார்கள், உண்மையா?

உண்மை, தம்பி. தண்டு நீளமாக, முழங்கைக்குக் குறையாமல் வளர்ந்த செடிதான் உதவும். இலையையும் வேரையும் அந்த இடத்திலேயே வெட்டி, தண்டை மட்டும் கழுவிக் காய வையுங்கள். ஏறக்குறைய முழுவதும் தண்ணீர்தான் என்பதால் ஒரு சாக்குத் தண்டு காய்ந்தால் கைப்பிடியளவு ஆகிவிடும்; மனம் தளர வேண்டாம். பஞ்சு போன்ற தண்டு தட்டையாகி, தவிட்டு நிறத்துக்கு வரும்போது எடுத்து, மூன்று மூன்றாகச் சடை போலப் பின்னுங்கள். அந்தச் சடையைச் சுருட்டித் தைத்தால் தட்டு. உயர்த்தித் தைத்தால் கூடை.

ஒரு விடயத்தில் கவனம். உயிருள்ள செடியை வேறு குளத்துப் பக்கம் கொண்டுபோகக் கூடாது. ஒரு துண்டு விழுந்தாலும் பரவிவிடும். இதைத் தடுக்க 1909-ஆம் ஆண்டிலேயே இந்த நாட்டில் சட்டம் போட்டார்கள் என்றால் எவ்வளவு பொல்லாத செடி என்று பாருங்கள். கழித்த வேரையும் இலையையும் கரையில் நன்றாக உலர்த்தி எருக்குழியில் போடுங்கள்.

பாசிக்குடாவிலிருந்து: கரையில் பொறுக்கும் சிப்பி, பவளத் துண்டு எல்லாம் வைத்து அலங்காரப் பொருள் செய்து சுற்றுலாப் பயணிகளுக்கு விற்கலாமா?

பவளம் வேண்டாம். ஆமையோடும் வேண்டாம். இரண்டும் சட்டத்தில் பாதுகாக்கப்பட்டவை. விற்பவரோடு வாங்கியவரும் விமான நிலையத்தில் மாட்டுவார். சில சங்கு வகைகளும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. சமையலுக்கு எடுத்த மட்டியின் ஓடு வீட்டுக் குப்பையிலேயே கிடைக்கிறது. அதைச் சவர்க்காரத் தண்ணீரில் அவித்துக் காய வைத்தால் மணம் போய்விடும்.

திருக்கோவிலிலிருந்து: மஞ்சளில் ஓலைக்குச் சாயம் ஏற்றினேன், இரண்டு கிழமையில் வெளிறிவிட்டது.

மஞ்சள் அப்படித்தான், வெயிலுக்கு நிற்காது. மரமஞ்சள் அதைவிட நன்றாக நிற்கும். சிவப்புக்குப் பதிமுகம். எந்தச் சாயமானாலும் முதலில் ஓலையைக் கடுக்காய்த் தண்ணீரில் ஓர் இரவு ஊற வைத்து, அடுத்த நாள் சீனாக்காரம் கரைத்த வெந்நீரில் போட்டெடுங்கள். ஒரு கிலோ ஓலைக்கு 100 கிராம் அளவில் போதும். அதற்குப் பிறகுதான் சாயம். கறுப்பு வேண்டுமானால் கடுக்காயில் ஊறிய ஓலையைத் துருப்பிடித்த ஆணி ஊறிய தண்ணீரில் முக்குங்கள். கண்ணெதிரே கறுத்து வரும். பிட்டு அவிக்கும் நீத்துப்பெட்டிக்குச் சாயமே வேண்டாம். பிட்டில் இறங்கும்.

சம்மாந்துறையிலிருந்து: உரப் பையில் சந்தைப் பை தைக்கலாமா?

தைக்கலாம், நன்றாகக் கழுவிய பிறகு. அரிசி, மரக்கறியை நேரே போடாதீர்கள். வெயிலில் தொங்கவிட்டால் ஒரு வருடத்துக்குள் பொடிப்பொடியாக உதிரும். அந்தத் தூள் மண்ணில்தான் சேரும். உள்ளே உரப் பை, வெளியே பழைய சாரன் துணி என்று இரண்டடுக்காகத் தைத்தால் நீண்ட நாள் வரும்.

மருதமுனையிலிருந்து: கைத்தறி வெட்டுத்துண்டுகள் மூட்டை மூட்டையாக இருக்கின்றன. தலையணை உறையைத் தவிர வேறென்ன செய்யலாம்?

மிதியடி. இரண்டு விரல் அகலத்தில் கிழித்து, சடையாகப் பின்னி, வட்டமாகச் சுருட்டித் தையுங்கள். கடும் சிவப்பு, கடும் நீலத் துண்டுகளை முதலில் தனியாக ஊற வைத்துச் சாயம் கழருகிறதா என்று பாருங்கள். உங்கள் ஊர்த் துணிக்கு இருக்கும் பெயரே பாதி விற்றுக்கொடுக்கும். மருதமுனைக் கைத்தறி என்று ஒரு சிறு துண்டில் எழுதிப் பின்புறம் தைத்துவிடுங்கள்.

வாழைச்சேனையிலிருந்து: பழைய பத்திரிகைக் கடதாசியில் கூடை செய்தேன். பூச்சி அரித்துவிட்டது.

கோதுமை மாப் பசை போட்டிருப்பீர்கள், அதுதான் பூச்சிக்கு விருந்து. கிழித்த கடதாசியை இரண்டு நாள் ஊற வைத்து, உரலில் இடித்து, ஊறிய வெந்தயத்தை அரைத்து அதோடு பிசையுங்கள். வெந்தயம் ஒட்டவும் செய்யும், அதன் கசப்புக்குப் பூச்சியும் அண்டாது. ஒரு சட்டியைக் கவிழ்த்து, துணி போர்த்தி, அதன்மேல் கூழை விரல் தடிப்பில் அப்பி, வெயிலில் ஒரு கிழமை விடுங்கள். காய்ந்ததும் துணியோடு கழன்று வரும். வைக்கோலிலேயே கடதாசி செய்த ஆலை இருந்த ஊர் உங்களுடையது; கூழில் ஒரு பிடி நறுக்கிய வைக்கோலும் சேர்த்துப் பாருங்கள், வெடிப்பு விழாது.

ஆரையம்பதியிலிருந்து: என்ன விலை சொல்வதென்று தெரியவில்லை, அக்கா. கூடச் சொன்னால் போய்விடுகிறார்கள்.

உங்கள் நேரத்துக்கு நீங்களே விலை வைக்கவில்லை என்றால் வேறு யார் வைப்பார்கள்? ஒரு நாளில் நான்கு நீத்துப்பெட்டி முடிக்கிறீர்கள், நாட்கூலி 2,000 ரூபா என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்குக் கூலியே 500 ரூபா. ஓலைக்கும் பஸ்ஸுக்கும் 100 ரூபா சேர்த்தால் 600. அதற்குக் கீழே விற்றால் நீங்கள் கைக்காசு கொடுத்துப் பொருளையும் கொடுக்கிறீர்கள். பேரம் பேசுபவரிடம் கோபிக்காமல், ஒன்றை எடுத்து எப்படிப் பின்னியது என்று காட்டுங்கள். பாதிப் பேர் வாங்குவார்கள். தொழில் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதிந்து கொள்ளுங்கள். தேசிய அருங்கலைகள் பேரவையிலும் கைவினைஞராகப் பதியலாம். கண்காட்சிகளுக்குப் போக அது உதவும்.

நிந்தவூரிலிருந்து: அக்கா, என் உம்மா பன்பாய் (பன் புல்லில் பின்னும் பாய்) இழைத்தவர். இப்போது கண் மங்கிவிட்டது. எனக்கு இழைக்கத் தெரியாது. புத்தகமோ வகுப்போ இருக்கிறதா?

தங்கச்சி, வகுப்பு உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. பன் இழைப்பதற்குக் கண் பாதிதான் வேண்டும். உம்மாவின் விரலுக்கு வழி தெரியும். காய்ந்த பன்னில் கொஞ்சம் எடுத்து, தண்ணீர் தெளித்துத் துணியில் சுற்றி அரை மணி நேரம் வைத்துவிட்டு அவர் மடியில் கொடுங்கள். எப்படி என்று கேட்காதீர்கள். கேட்டால் சொல்லத் தெரியாமல் தடுமாறுவார். முதல் மடிப்பை மட்டும் போட்டுத் தரச் சொல்லுங்கள். அவர் கை ஓடத் தொடங்கும்போது போனில் கையை மட்டும் மேலிருந்து படம் எடுத்துக்கொள்ளுங்கள், பிறகு நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். நீங்கள் இழைத்ததை அவரிடம் தடவிப் பார்க்கக் கொடுங்கள். தளர்ந்த இடத்தில் அவர் விரல் நிற்கும்.

முழுப் பாயில் தொடங்க வேண்டாம், ஒருவர் குந்தும் அளவுக்கு ஒரு தடுக்குப் போதும். ஓரம் மடித்து முடிப்பதுதான் கடினம். அதை எனக்கும் அம்மம்மா கடைசி வரை தானேதான் முடித்துத் தந்தார். உம்மா அதை எப்படி முடிக்கிறார் என்பதை இந்த மாதமே படம் எடுத்து வைத்துவிடுங்கள்.